நீரடிப் பயிற்சியும் சான்றிதழின் மதிப்பும்

கடலுக்கு அடியில் உள்ள உலகைக் காண வேண்டும் என்னும் ஆவல் மனிதனுக்குத் தொன்று தொட்டு இருந்து வருவது. அந்த ஆவலை நிறைவேற்றிக்கொள்ளும் வாய்ப்பு நம் நாட்டிலும் இப்போது பெருகியிருக்கிறது. அந்தமானில் ஸ்வராஜ் தீவிலும் ஷகீத் தீவிலும், லட்சத்தீவுகளிலும், கர்நாடகத்தில் முருதேசுவரத்துக்கு அப்பால் உள்ள நேத்ராணித் தீவிலும், மகாராஷ்டிரத்தில் மால்வண் பகுதியிலும், கோவாவிலும், புதுச்சேரியிலும், காற்றுச் சிலிண்டரை முதுகில் சுமந்து நீரடியில் உலவக் கற்பிக்கும் நிலையங்கள் நடைபெற்று வருகின்றன. மூன்று நான்கு நாட்களில் பயிற்சி முடிந்துவிடுகிறது. முடிவில் கற்றவரின் பெயரும் படமும் தாங்கிய சான்று அட்டை ஒன்று கிடைக்கிறது. அதைக் காட்டினால் உலகின் பெரும்பாலான கடற்கரைகளில் சிலிண்டரையும் ஏனைய சாதனங்களையும் வாடகைக்குப் பெற்று நீரில் இறங்கலாம்.

இந்த அட்டை எதற்குச் சான்று? இக்கேள்வி உல்லாசப் பயணிகளை மட்டும் பொறுத்ததன்று. பவளப் பாறைகளைக் கணக்கெடுக்கும் வனத்துறை ஊழியர்கள், மீன்வளத் துறையின் களப் பணியாளர்கள், மாணவர்களைத் தீவுகளுக்குச் சுற்றுலா அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் ஆகிய எல்லோருக்கும் இது இன்றோ நாளையோ எதிர்ப்படும் கேள்வியாகும். "அட்டை இருக்கிறதல்லவா, இறங்கலாம்" என்று ஒரு மேலதிகாரி சொல்லும்போதும், "மூன்றே நாளில் சான்றிதழ்" என்னும் விளம்பரத்தைக் காட்டி ஒரு மாணவன் கருத்துக் கேட்கும்போதும், தக்க விடை கூற வேண்டிய பொறுப்பு அவர்களுக்கு உண்டு.

அந்த விடை இதுதான்: இப்பயிற்சிகளின் பாடத்திட்டம் நல்லது. ஆனால் அதில் குறைந்தபட்சம் என்று வகுக்கப்பட்ட அளவே நடைமுறையில் முழு அளவாகக் கொள்ளப்படுகிறது. ஆகவே அட்டையைக் கற்றலின் தொடக்கத்துக்குச் சான்றாக ஏற்கலாம். நீரடியில் தன்னையும் பிறரையும் காத்துக்கொள்ளும் தேர்ச்சிக்குச் சான்றாக ஏற்க இயலாது.

சான்றிதழ் பிறந்த வரலாறு

பிறர் துணையின்றி நீரடியில் சுவாசிக்க உதவும் தன்னிறைவான கருவி என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துக்களைச் சேர்த்து அமைத்த சொல்லே 'ஸ்கூபா' என்பது. 1943-ஆம் ஆண்டில் பிரான்சில் கடற்படை அதிகாரியான ழாக் கூஸ்தோவும் பொறியியலாளரான எமில் காஞானும் இன்றைய கருவியின் முன்னோடியை உருவாக்கினர். மூச்சை உள்ளிழுக்கும்போது மட்டும், சுற்றியுள்ள நீரின் அழுத்தத்துக்குச் சமமான அழுத்தத்தில் காற்றைத் தருகின்ற வால்வே அதன் சிறப்பு. போருக்குப் பின் இக்கருவி கடைகளில் விற்பனைக்கு வந்தது. வாங்கியவர்கள் தாமே கற்றுக்கொண்டனர். கற்க இயலாதவர்கள் சிலர் மாண்டனர்.

இந்நிலையை மாற்றும் முயற்சி ஒரு விஞ்ஞான நிறுவனத்தில் தொடங்கியது. அமெரிக்காவில் கலிபோர்னியாவிலுள்ள ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தில் கான்ராட் லிம்பா என்பவர் 1950-களின் தொடக்கத்தில் ஆராய்ச்சியாளர்களுக்கென ஒரு பயிற்சி முறையை வகுத்தார். 1954-இல் லாஸ் ஏஞ்சலிஸ் வட்டார நிர்வாகம் அதனைக் கற்றுவரத் தன் ஊழியர்களை அனுப்பிற்று. பொதுமக்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களைத் தயாரிக்கும் திட்டம் அதன் பயனாக உருவாயிற்று. பிரிட்டனில் 1953-இல் மூழ்குவோர் கழகம் ஒன்று தோன்றிக் கிளைக் கழகங்கள் வாயிலாகப் பயிற்சி அளிக்கலாயிற்று. 1959-இல் மொனாகோவில் உலகக் கூட்டமைப்பு ஒன்று அமைந்தது. கூஸ்தோ அதன் முதல் தலைவரானார். அமெரிக்காவில் 1960-இல் 'நாவி' என்னும் சங்கமும், 1966-இல் 'பாடி' என்னும் நிறுவனமும் தோன்றின. பின்னது இன்று உலகெங்கும் கிளை பரப்பி நிற்கிறது.

இவ்வரலாற்றிலிருந்து ஓர் உண்மை தெளிவாகிறது. மோட்டார் வண்டி ஓட்டுவதற்கான அனுமதிச் சீட்டை அரசாங்கம் தன் சோதனையின் பேரில் வழங்குகிறது. ஸ்கூபா அட்டை அத்தகையதன்று. அதனை வழங்குவோர் கழகங்களும் சங்கங்களும் வணிக நிறுவனங்களுமே. பொது அளவுகோல் ஒன்று தேவை என்னும் எண்ணத்தால் சர்வதேசத் தரநிர்ணய அமைப்பு 2007-இல் 24801 என்னும் எண்ணுள்ள தரத்தைக் கற்போருக்கும், 24802 என்னும் எண்ணுள்ள தரத்தைப் பயிற்சி ஆசிரியருக்கும் வெளியிட்டது. நம் நாட்டில் சுற்றுலா அமைச்சகம் 2018-இல் வெளியிட்ட சாகசச் சுற்றுலா வழிகாட்டு நெறிகளிலும் ஸ்கூபா இடம் பெற்றுள்ளது. தரங்கள் இல்லை என்ற குறை இன்று இல்லை. அத்தரங்கள் என்ன சொல்கின்றன, அவை எவ்வாறு கடைப்பிடிக்கப்படுகின்றன என்பவையே ஆராயத்தக்கவை.

பாடத்திட்டம் ஏன் நல்லது?

ஆரம்பப் பயிற்சியில் கற்பிக்கப்படும் பொருள் பெரும்பாலும் பள்ளிக்கூடப் பௌதிகமே ஆகும். கடல் மட்டத்தில் வளிமண்டலத்தின் அழுத்தம் ஒரு மடங்கு. 10 மீட்டர் ஆழத்தில் அது இரு மடங்கு. 20 மீட்டரில் மும்மடங்கு. 30 மீட்டரில் நான்கு மடங்கு. அழுத்தம் இரட்டித்தால் வாயுவின் கன அளவு பாதியாகும் என்பது பாயில் விதி.

முத்துக் குளிப்போரையும் ஸ்கூபா மூழ்குவோரையும் ஒப்பிட்டால் இவ்விதியின் பொருள் எளிதில் விளங்கும். மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்கள் மேலேயே மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டு இறங்கினர். அவர்களின் நுரையீரலில் இருந்த காற்று ஆழத்தில் சுருங்கும். மேலே வருகையில் விரிந்து பழைய அளவையே அடையும். அதற்கு மேல் விரியாது. ஸ்கூபாவில் மூழ்குபவரோ அழுத்தப்பட்ட காற்றை ஆழத்திலேயே சுவாசிக்கிறார். 10 மீட்டர் ஆழத்தில் நுரையீரல் நிறைய இழுத்த காற்று, நீர்மட்டத்துக்கு வரும்போது இரு மடங்காக விரிய முயலும். அவர் அச்சத்தால் மூச்சை அடக்கிக்கொண்டு மேலெழுந்தால் நுரையீரல் கிழிந்து, காற்றுக் குமிழிகள் இரத்தத்தில் கலந்து மூளையை அடையக்கூடும். நுரையீரல் நிறைந்த நிலையில் ஒன்றிரண்டு மீட்டர் உயர்வதே இத்தீங்குக்குப் போதுமானது. முத்துக் குளிப்பவரை வாழவைத்த அதே பழக்கம் ஸ்கூபா மூழ்குபவரைக் கொன்றுவிடலாம். "ஒருபோதும் மூச்சை அடக்காதே" என்பது எல்லாப் பயிற்சிகளிலும் முதல் விதியாக இருப்பதன் காரணம் இதுவே.

காற்றின் செலவும் இவ்வாறே கணக்கிடத்தக்கது. 12 லிட்டர் கொள்ளளவுள்ள சிலிண்டரில் வளிமண்டலத்தைப் போல் 200 மடங்கு அழுத்தத்தில் காற்று அடைத்தால் அது ஏறத்தாழ 2,400 லிட்டர் காற்றாகும். நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிப்பவருக்கு அது நீர்மட்டத்தில் 120 நிமிடங்கள் வரும். 20 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மும்மடங்கு ஆகையால் 40 நிமிடங்களே வரும். அழுத்தமானியில் 50 காட்டும்போது மேலே வந்துவிட வேண்டும் என்னும் விதியைக் கடைப்பிடித்தால் எஞ்சுவது 30 நிமிடங்கள். புதியவர் பதற்றத்தில் இரு மடங்கு வேகமாக மூச்சு வாங்கினால் 15 நிமிடங்கள். கரும்பலகையில் ஐந்து நிமிடத்தில் போட்டுக் காட்டக்கூடிய இக்கணக்கை நீருக்கடியில் நினைவில் வைத்திருப்பதே தேர்ச்சியின் பெரும் பகுதி.

இவற்றோடு, அழுத்தத்தால் இரத்தத்திலும் திசுக்களிலும் கரையும் நைட்ரஜனைப் பற்றியும், மெதுவாக மேலெழ வேண்டியதன் காரணத்தைப் பற்றியும் பாடம் உண்டு. முகக் கண்ணாடியில் புகுந்த நீரை வெளியேற்றுதல், வாயிலிருந்து நழுவிய சுவாசக் கருவியை மீண்டும் பொருத்துதல், காற்றுத் தீர்ந்த துணைவருக்குத் தன் மாற்றுக் கருவியிலிருந்து காற்றளித்தல், மிதப்புச் சட்டையில் காற்றைச் சேர்த்தும் குறைத்தும் நீரிடையே நிலைத்து நிற்றல் ஆகியவை செய்முறைப் பயிற்சிகள். இப்பட்டியலில் நீக்கத்தக்கது எதுவும் இல்லை.

குறை எங்கே இருக்கிறது?

குறை இருப்பது காலத்தில். பெரும்பாலான ஆரம்பப் பயிற்சிகளில் திறந்த கடலில் மூழ்க வேண்டிய தடவைகள் நான்கு. ஒவ்வொன்றும் அரை மணி அல்லது முக்கால் மணி நேரம் என்று கொண்டாலும் மொத்தம் மூன்று மணி நேரத்துக்கு மேற்படுவதில்லை. அந்த நேரத்திலும் ஒரு பகுதி மற்ற மாணவர்கள் தத்தம் முறைக்குச் செய்துகாட்டுவதைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பதில் கழிகிறது. திறந்த நீரில் ஓர் ஆசிரியருக்கு எட்டு மாணவர்கள் வரை இருக்கலாம் என்று பரவலான விதிமுறை ஒன்று அனுமதிக்கிறது. நீர் கலங்கியிருந்தாலும் நீரோட்டம் வலுத்திருந்தாலும் அந்த எண்ணைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்றும் அதே விதிமுறை கூறுகிறது. உச்ச வரம்பாக வைக்கப்பட்ட எண்ணை வழக்கமான எண்ணாகக் கொள்ளும் நிலையங்களில் இரண்டாவது வாசகம் மறக்கப்படுகிறது.

ஒரு செயலை ஒருமுறை செய்துகாட்டுவதும் அதில் தேர்ச்சி பெறுவதும் ஒன்றல்ல என்பது ஆசிரியர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டுவதன்று. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் கிளென் எக்ஸ்ட்ராம் என்னும் அறிஞர் இதனை நீரிலேயே சோதித்தார். ஒரே சுவாசக் கருவியை இருவர் மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் பயிற்சியைப் பிழையின்றி நம்பகமாகச் செய்ய ஏறத்தாழ 17 முறை வெற்றிகரமாகச் செய்துபார்த்திருக்க வேண்டும் என்றும், பழக்கம் விட்டுப்போனால் அத்திறன் சில மாதங்களில் குன்றிவிடும் என்றும் அவர் கண்டார். இன்று மூழ்குவோர் ஒவ்வொருவரும் மாற்றுச் சுவாசக் கருவி ஒன்றைத் தம்முடன் கொண்டு செல்வதால் அந்தக் குறிப்பிட்ட பயிற்சியின் தேவை குறைந்திருக்கலாம். ஆயினும் அவர் கண்ட உண்மை எல்லாத் திறன்களுக்கும் பொருந்துவது. முகக் கண்ணாடியிலிருந்து நீரை வெளியேற்றுவதை இருமுறை செய்துகாட்டியவருக்கு அட்டை கிடைக்கிறது. ஆறு மாதங்கள் கழித்து, குளிர்ந்த கலங்கல் நீரில் வேறொருவரின் துடுப்புக் காலணி பட்டு முகக் கண்ணாடி கழன்றால் அவர் என்ன செய்வார் என்பதை அந்த அட்டை சொல்வதில்லை.

தீங்கு நேர்ந்த இடங்களைப் பார்த்தாலும் இது விளங்கும். மூழ்குவோர் பாதுகாப்புக்காக இயங்கும் 'டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்' அமைப்பின் ஆய்வாளர்கள் 1992 முதல் 2003 வரை நிகழ்ந்த 947 மரணங்களை ஆராய்ந்து 2008-இல் முடிவுகளை வெளியிட்டனர். விபத்தைத் தொடங்கி வைத்த காரணம் தெரிந்தவற்றுள் 41 சதவீதத்தில் அக்காரணம் காற்றுப் போதாமையே. கருவிக் கோளாறு 15 சதவீதத்தில்தான் காரணமாக இருந்தது. காற்று எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்பதை அழுத்தமானி எந்நேரமும் காட்டிக்கொண்டேதான் இருக்கிறது. அதைப் பார்க்கும் பழக்கம் இரத்தத்தில் ஊறவில்லை என்பதே பொருள். விதியை அறிந்திருந்தும் பழக்கம் இன்மையால் மாண்டவர்கள் இவர்கள் எனலாம்.

இக்குறை நீடிப்பதற்குப் பொருளாதாரக் காரணம் ஒன்று உண்டு. அட்டை வழங்கும் அமைப்புக்கு அட்டையின் எண்ணிக்கையால் வருவாய். நிலையத்துக்கு மாணவர் எண்ணிக்கையால் வருவாய். ஆசிரியருக்குத் தலைக்கு இவ்வளவு என்று ஊதியம். மாணவருக்கோ விடுமுறை நாட்கள் சொற்பம். "இவர் இன்னும் இரு நாட்கள் பழக வேண்டும்" என்று சொல்வதால் ஆதாயம் அடைபவர் இந்நால்வருள் ஒருவரும் இல்லை. அவ்வாறு சொல்லும் ஆசிரியர்கள் இல்லாமல் இல்லை. தம் மனச்சாட்சியின் பொருட்டு நட்டத்தை ஏற்று அதனைச் சொல்லும் அவர்களே இத்தொழிலின் மானத்தைக் காத்து வருகின்றனர்.

மறுதரப்பு வாதம்

குறுகிய பயிற்சியை ஆதரிப்போரின் வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. தொடக்கக் காலப் பயிற்சிகள் வாரக்கணக்கில் நீண்டன என்பது மெய்யே. அவற்றில் மாணவரின் முகக் கண்ணாடியைப் பிடுங்குவது, சிலிண்டரை அடைத்துவிடுவது போன்ற படைவீரர் பயிற்சிக்குரிய கடுமைகளும் கலந்திருந்தன. வலிய இளைஞர் அன்றிப் பிறர் அவற்றில் நிலைத்து நிற்க முடியவில்லை. அன்று அழுத்தமானியும் மிதப்புச் சட்டையும் மாற்றுச் சுவாசக் கருவியும் பழக்கத்தில் இல்லை. இன்றோ, ஆழத்தையும் நேரத்தையும் தொடர்ந்து கணக்கிட்டு எச்சரிக்கும் கைக்கணிப்பொறியும் உண்டு. பாடத்தை வீட்டிலிருந்தே படித்துவிட்டு வரலாம். பெண்களும் நடுத்தர வயதினரும் பெருமளவில் கடலைக் காண முன்வந்திருப்பது பயிற்சி எளிதானதன் விளைவே. இவை யாவும் வரவேற்கத்தக்கவை.

ஆனால் வீட்டில் படிக்கத்தக்கது பாடம் மட்டுமே. நீரில் பழகும் நேரத்தை வீட்டில் ஈடு செய்ய வழியில்லை. கருவிகள் பெருகியதால் கற்க வேண்டியவை குறைந்துவிடவும் இல்லை; மிதப்புச் சட்டை ஒன்றே பல மணி நேரப் பழக்கத்தை வேண்டுவது. தவறான கையாளுகையால் அது மூழ்குபவரைப் பலூனைப் போல் மேலே தூக்கிச் சென்றுவிடும். பழைய கடுமையை மீண்டும் கொண்டுவர வேண்டுவதில்லை. அதனோடு சேர்த்துக் கைவிடப்பட்ட மணி நேரங்களை மீட்டுக்கொண்டால் போதும்.

சான்றிதழ்களின் பெயர்களும் மயக்கம் தருவன. பரவலான ஒரு முறையில் ஆரம்ப அட்டைக்கு அடுத்தது 'மேல்நிலை' அட்டை. அதற்கு வேண்டியவை மேலும் ஐந்து தடவை மூழ்குதலே. ஆக, வாழ்நாளில் ஒன்பது முறை மட்டுமே கடலில் மூழ்கிய ஒருவர் மேல்நிலை மூழ்குநர் எனப் பெயர் பெற்று 30 மீட்டர் ஆழம் வரை செல்லத் தகுதியுடையவராகிறார். சர்வதேசத் தரம் இதைவிட அடக்கமாகப் பேசுகிறது. தன்னிச்சையாக மூழ்கத்தக்கவர் என்னும் நிலையினர் 20 மீட்டருக்கு மேற்படாத ஆழத்தில், தமக்கு இணையான துணைவருடன், தாம் பயின்ற சூழ்நிலைக்கு ஒத்த அல்லது அதைவிட எளிய சூழ்நிலையில் மூழ்கலாம் என்பதே அதன் கருத்து. தெளிந்த வெதுவெதுப்பான லட்சத்தீவு நீரில் கற்றவர், மழைக்காலத்துக்குப் பின் கலங்கிய கரையோர நீரில் இறங்கும்போது மீண்டும் மாணவரே என்பது இதிலிருந்து பெறப்படும்.

களப் பணியாளர்களுக்கு

பொழுதுபோக்குக்கான அட்டையைத் தொழில் தகுதியாகக் கொள்வது பெரும் பிழை. பவளப் பாறையைக் கணக்கெடுப்பவர் அளவுநாடாவை விரிக்க வேண்டும். சட்டங்களை வைத்து உயிரினங்களை எண்ண வேண்டும். பலகையில் எழுத வேண்டும். படம் எடுக்க வேண்டும். கவனம் முழுவதும் வேலையில் சென்றுவிட்ட நிலையில் ஆழமும் காற்றும் துணைவரும் மறந்துபோவது இயல்பு. மூச்சு விடுவதையும் நிலைத்து மிதப்பதையும் நினைத்து நினைத்துச் செய்ய வேண்டிய நிலையில் இருப்பவர் இவ்வேலைக்கு உரியவர் அல்லர். அமெரிக்காவில் நீரடி விஞ்ஞானப் பணிக்கான கழகம், ஆராய்ச்சிக்காக மூழ்குவோருக்கு ஆரம்ப அளவாக 100 மணி நேரப் பாடமும் செய்முறையும், திறந்த நீரில் 12 முறை மூழ்குதலும் வேண்டும் என விதித்துள்ளது. பொழுதுபோக்குப் பயிற்சியின் நான்கு தடவையோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அப்பயிற்சி முறைக்கு வித்திட்ட லிம்பா, தம் காலத்தில் மிகுந்த அனுபவம் வாய்ந்தவராகக் கருதப்பட்டவர். அவரும் 1960-இல் பிரான்சில் நீரடிக் குகை ஒன்றில் வழி தவறி உயிரிழந்தார். அனுபவசாலிகளையே மன்னிக்காத இடத்துக்கு அனுபவமற்ற ஊழியரை அட்டையின் பேரில் அனுப்புதல் தகாது. அனுப்பப்படும் ஊழியரும், "இச்சூழ்நிலையில் நான் பழகவில்லை" என்று கூறத் தயங்கலாகாது. அவ்வாறு கூறுபவரைக் கடமை தவறியவராக அலுவலகத் தலைவர்கள் எண்ணலாகாது.

பவளத்துக்கு நேரும் தீங்கையும் ஈண்டுக் கருத வேண்டும். நம் நாட்டில் பவள உயிரினங்கள் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-இல் சேர்க்கப்பட்டன. அவற்றை உடைப்பதும் எடுப்பதும் குற்றம். ஆனால் மிதப்பைக் கட்டுப்படுத்தத் தெரியாதவர் சட்டத்தை அறிந்திருந்தும் துடுப்புக் காலணியால் பவளக் கிளைகளை முறித்துவிடுவார்; நிலைதடுமாறிப் பாறையைப் பற்றிக்கொள்வார். அவருக்குச் சட்டப் பாடத்தை விட மேலும் சில மணி நேர மிதப்புப் பயிற்சியே தேவை. மாணவர்களை மணலில் முழந்தாளிடச் செய்து திறன்களைக் கற்பிக்கும் பழைய வழக்கத்தைக் கைவிட்டு, நீரிடையே மிதந்த நிலையிலேயே கற்பிக்கும் ஆசிரியர்கள் இவ்வகையில் இருமடங்கு நன்மை செய்கின்றனர்.

ஆசிரியர்களுக்கு

மாணவர் சுற்றுலாக்களில் எதிர்ப்படுவது பெரும்பாலும் சான்றிதழ்ப் பயிற்சி அன்று. ஒரே நாளில் ஒரு முறை நீரடியைக் காட்டி அழைத்துவரும் அறிமுக மூழ்கலே. இதற்குச் சான்றிதழ் இல்லை. ஆழ வரம்பு 12 மீட்டர். பயிற்சியாளரின் நேரடிக் கண்காணிப்பில் தக்கவாறு நடத்தப்பட்டால் இது நல்ல அனுபவம். பௌதிகமும் உயிரியலும் ஒருங்கே விளங்கும் வகுப்பறை. எனினும் நீரில் இறங்குமுன் உடல்நிலை பற்றிய வினாத்தாள் ஒன்றைத் தருவது வழக்கம். ஆஸ்துமா, வலிப்பு, இருதய நோய், காதுக் கோளாறு ஆகியவற்றைப் பற்றிய கேள்விகள் அதில் இருக்கும். எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று எழுதிக் கையொப்பமிடுமாறு அவசரப்படுத்தும் நிலையத்திலிருந்து மாணவர்களைத் திருப்பி அழைத்து வருவதே ஆசிரியரின் கடமை. விமானப் பயணத்துக்கும் இடைவெளி வேண்டும். ஒருமுறை மூழ்கியவர் குறைந்தது 12 மணி நேரமும், பலமுறை மூழ்கியவர் 18 மணி நேரமும் கழித்தே விமானம் ஏற வேண்டும் என்பது மருத்துவ அறிவுரை. தீவுகளுக்குச் செல்லும் பயணத் திட்டத்தை வகுக்கும்போதே இதனைக் கணக்கிற் கொள்ள வேண்டும்.

தேர்ந்தெடுக்கும் முறை

பயிற்சி பெற விரும்புவோர் எந்த அமைப்பின் அட்டை உயர்ந்தது என்று கேட்பது வழக்கம். பெயர் பெற்ற அமைப்புகளின் பாடத்திட்டங்களிடையே வேற்றுமை சிறிது. ஒரே அமைப்பின் இரு ஆசிரியர்களிடையே உள்ள வேற்றுமை பெரிது. ஆகவே ஆராய வேண்டியது ஆசிரியரையும் நிலையத்தையுமே. பின்வரும் கேள்விகளைப் பணம் கட்டுமுன் கேட்பது நன்று.

1. திறந்த நீரில் ஓர் ஆசிரியரிடம் எத்தனை மாணவர்கள் இருப்பர்? நான்குக்கு மேல் எனில் காரணம் என்ன?

2. முதற் பழக்கம் நீச்சல் குளத்திலோ அமைதியான ஆழமற்ற நீரிலோ எத்தனை மணி நேரம் நடைபெறும்?

3. குறித்த நாட்களில் தேர்ச்சி பெறாதவருக்கு என்ன செய்யப்படும்? கூடுதல் நாள் உண்டா, அன்றி எல்லோருக்கும் அட்டை உறுதியா?

4. நீந்தத் தெரியுமா என்று சோதிக்கப்படுமா? 200 மீட்டர் நீந்துவதும் பத்து நிமிடம் மிதப்பதும் பரவலாக வேண்டப்படும் தகுதிகள். இவற்றை விட்டுவிடும் நிலையம் வேறு எவற்றை விட்டுவிடும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

5. படகில் பிராணவாயு சிலிண்டர் உண்டா? அழுத்தக் குறைவு நோய்க்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை அருகில் எங்கே உள்ளது? அங்கே கொண்டுசெல்லும் ஏற்பாடு யாது?

6. கடல் கொந்தளித்தால் பயிற்சி ஒத்திவைக்கப்படுமா? கட்டணம் திரும்பக் கிடைக்குமா?

இக்கேள்விகளுக்கு முகம் சுளிக்காமல் விடை கூறும் ஆசிரியர் பெரும்பாலும் நல்ல ஆசிரியராகவே இருப்பார். கேட்பவர் பெருகினால் நிலையங்களும் தம் முறையை மாற்றிக்கொள்ளும். மூன்று நாட்களில் முடிவதற்கு நான்கைந்து நாட்களைக் கொடுக்க மாணவர் முன்வந்தால், அதற்குரிய கட்டணத்தைப் பெற்றுக்கொண்டு நிதானமாகக் கற்பிக்கத் தடை ஏதும் இல்லை. தரநிர்ணய விதிகள் குறைந்த அளவை வகுத்திருக்கின்றனவே தவிர, அதற்கு மேல் கற்பிப்பதை எங்கும் விலக்கவில்லை.

அட்டை பெற்ற பின்னும் கடமை முடிவதில்லை. முதல் சில மாதங்களில் அனுபவமுள்ள துணைவருடன் ஆழமற்ற நீரில் பலமுறை மூழ்குதல், நீண்ட இடைவெளிக்குப் பின் இறங்குமுன் ஆசிரியர் ஒருவர் முன்னிலையில் அடிப்படைத் திறன்களைத் திரும்பச் செய்துபார்த்தல், ஒவ்வொரு முறையும் ஆழம், நேரம், எஞ்சிய காற்று ஆகியவற்றைக் குறிப்பேட்டில் பதிதல் ஆகியவை எளிய பழக்கங்கள். அரசுத் துறைகள் தம் ஊழியர்களை நீரடிப் பணிக்குத் தேர்ந்தெடுக்கும்போது அட்டையைப் பார்ப்பதோடு இக்குறிப்பேட்டையும் வாங்கிப் பார்க்க வேண்டும். கடைசியாக எப்போது மூழ்கினார், எத்தகைய நீரில் மூழ்கினார், எவ்வளவு காற்றுடன் மேலே வந்தார் என்பவை அதில் இருக்கும். ஊழியரின் தகுதியை உள்ளபடி அறிய அந்தப் பக்கங்களே உதவும்.